இரண்டின் மடக்கையும் எமது மாணவரும்

மடக்கை என்றதும் எமது மாணவர்க்கு நினைவில் வருவது அட்டவணைதான். க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் அவர்கள் புரட்டும் அவ்வட்டவணை பத்தை அடியாகக் கொண்டது. கணினியோ இரண்டை அடியாகக் கொண்ட துவித எண்களில் இயங்குகின்றது. இணையச் செய்நிரலாக்கம் பயிலும் எமது பிரதேச இளைஞர்கள் இவ்விடத்திலேயே இடறுகின்றனர்.

அக்கரைப்பற்றில் 32 அணிகள் பங்குகொள்ளும் விலகல் முறை உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு சுற்றிலும் அணிகள் பாதியாகும்: 16, 8, 4, 2, இறுதியில் ஒன்று. ஐந்து சுற்றுகள். அந்த ஐந்துதான் 32 இன் துவித மடக்கை. ஓர் எண்ணை எத்தனை தடவை பாதியாக்கலாம் என்பதே கேள்வி. 9ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் வீரசேனர் தமது தவளா உரையில் இதனையே ‘அர்த்தச்சேதம்’, அதாவது பாதியாக வெட்டுதல், என்று கையாண்டார். அணிகள் 20 எனில் விடை ஏறத்தாழ 4.32. மேல்நோக்கி முழுமையாக்க, சுற்றுகள் ஐந்து. சில அணிகள் முதற்சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும்.

இக்கணிப்புக்கென ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘மெத்.லொக்2’ என்ற சார்பு 2015ஆம் ஆண்டின் நியமத்தில் சேர்க்கப்பட்டது. ‘மெத்.லொக்’ என்பது வேறு. அது இயற்கை மடக்கை. அதனிடம் 32 ஐக் கொடுத்தால் 3.47 அளவில் விடை வரும். அட்டவணைப் பழக்கத்தில் 1.505 ஐ எதிர்பார்த்த மாணவன் திகைப்பான்.

முன்னர் இயற்கை மடக்கையை இரண்டின் இயற்கை மடக்கையால் வகுத்தே விடை கண்டனர். முறை சரியே. ஆயினும் கணினி தசமங்களை வரையறுத்த நீளத்திலேயே வைத்திருப்பதால் வால் பகுதியில் பிசகு நேரலாம். பத்தை அடியாகக் கொண்டு 1000 இன் மடக்கையை இவ்வாறு வகுத்துப் பெற்றால் மூன்றுக்குப் பதிலாக 2.9999999999999996 வருகின்றது, தசமத்தை வெட்டிவிட்டால் இரண்டு! சுற்று அட்டவணையிலோ பரீட்சைப் புள்ளியிலோ இது சிறு பிழையன்று. புதிய சார்பையும் நியமம் அண்ணளவானதென்றே கூறுவதால், முழுமையாக்குமுன் சரிபார்க்குமாறு ஆசிரியர்கள் பழக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம்.

அணிகள் பதிவாகுமுன் பூச்சியத்தைக் கொடுத்தால் விடை எதிர்முடிவிலி. மறை எண்ணுக்கு ‘எண் அல்ல’ என்ற பதிலே வரும். இரண்டையும் முன்கூட்டியே தடுக்கும் வரியைச் செய்நிரலில் எழுதியிருக்க வேண்டும்.