நூத்துக்கு எவ்வளவு வட்டி?

நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். பேங்க் விஷயமெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க என்று இருந்தவள். அப்படி இருந்ததால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு, என் வீட்டுக்காரர் புதிதாக வந்த கிரெடிட் கார்டில் 28 ஆயிரத்துக்கு பிரிட்ஜும் 12 ஆயிரத்துக்குத் துணிமணியும் எடுத்தார். கையில் காசே கொடுக்காமல் பொருள் வீடு வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். மாதாமாதம் போனுக்குக் கணக்கு வரும். அதில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்தத் தொகை, இன்னொன்று குறைந்தபட்சத் தொகை. அவர் சின்னதைப் பார்த்து 2,000 ரூபாய் கட்டிவிடுவார். நான் கேட்டால், "விடு புள்ள, தவறாம கட்டிட்டுத்தானே இருக்கறேன்" என்பார்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் பாக்கி எவ்வளவு என்று பார்த்தால் 37 ஆயிரத்துக்கு மேல் நிற்கிறது! கட்டியதோ 12 ஆயிரம். கழிந்தது மூவாயிரம்கூட இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அப்போது என் மாமியார்தான், "ஏனம்மிணி, நூத்துக்கு எவ்வளவு வட்டின்னு பாரு" என்றார். கையெழுத்துகூடப் போடத் தெரியாதவர் அவர். கணக்குத் தாளைத் தேடிப் பார்த்தோம். மாதம் மூன்றரை சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. "அப்ப மூணரை வட்டி! மூணு வட்டிக்கு வாங்கறவனையே ஊரு சிரிக்குமே" என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். வருஷத்துக்கு 42 சதவீதம்.

மகளின் நோட்டில் கணக்குப் போட்டேன். 40 ஆயிரத்துக்கு ஒரு மாத வட்டி 1,400. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 252. ஆக 1,652 ரூபாய் போய்விடுகிறது. 2,000 கட்டினால் அசலில் கழிவது 348 ரூபாய்தான். பாக்கி வைத்துக்கொண்டு புதிதாக எதை வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஆரம்பம், கட்டணமும் தனி.

அம்மா வீட்டில் போட்ட இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். "வேண்டாம் புள்ள" என்று அவர் கண் கலங்கினார். "ஏனுங்க, சங்கிலியைத் திருப்பிக்கலாம். வட்டிக்குப் போன காசைத் திருப்ப முடியுமா?" என்றேன். பேங்கில் நகைக்கடன் 38 ஆயிரம் வாங்கினோம், வருஷத்துக்கு 9 சதவீதம். நம்ம கணக்கில் முக்கால் வட்டி. மாதம் 285 ரூபாய். கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்தோம். கார்டுக்குக் கட்டிய 2,000, பால் சொசைட்டிக்கு ஊற்றும் பால் காசில் 2,000 என்று மாதம் நாலாயிரம் கட்டி, பத்தாவது மாதம் சங்கிலியை மீட்டுவிட்டோம்.

கார்டையும் முடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் முடித்துத் தரவேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

கார்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கெடு தேதிக்குள் மொத்தத் தொகையையும் கட்டிவிட்டால் பொருள் வாங்கினதுக்கு வட்டியே கிடையாது. அப்படிக் கட்ட முடியும் என்றால் மட்டும் தேயுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருப்பது நமக்குச் சலுகை இல்லை, வட்டிக்கு வாசல்.

எதில் கையெழுத்துப் போடும் முன்பும், என் மாமியார் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: நூத்துக்கு எவ்வளவு வட்டி? இப்போது எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் கணக்குப் பார்க்கிறோம்.

- ஒரு வாசகி, தொண்டாமுத்தூர்.