தாமரை விதை அல்ல, மக்கானா

கடைகளில் 'தாமரை விதைப் பொரி' என்று சீட்டு ஒட்டி விற்கும் மக்கானா தாமரையில் விளைவதே இல்லை. அது அல்லிக் குடும்பத்துச் செடி. ஒரு மீட்டருக்கு மேல் விரியும் அதன் இலையின் இரு பக்கமும் முள், காம்பில் முள், காயைச் சுற்றிலும் முள். தாமரைக் காய் நீருக்கு மேலே நிமிர்ந்து நின்று முற்றும், கைநீட்டிப் பறித்துவிடலாம். மக்கானாக் காயோ நீருக்குள்ளேயே பழுத்து வெடிக்கிறது. விதைகள் வழவழப்பான உறையோடு ஓரிரு நாள் மிதந்துவிட்டு அடிச்சேற்றில் போய் அமர்ந்துகொள்ளும். அள்ளியதுபோக அங்கே தங்கியவைதான் மறு ஆண்டு முளைக்கும்.

எந்தப் பெயரில் விற்றால் என்ன, மொறுமொறுவென்று இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பெயர்தான் விலைக்கான காரணத்தை மறைக்கிறது. நாட்டின் மக்கானாவில் பெரும்பங்கு வடக்குப் பீகாரில், தர்பங்கா, மதுபனி, பூர்ணியா பக்கங்களில் விளைகிறது. அங்கே மல்லா சமூகத்து மீனவர்கள் மூச்சடக்கி மூழ்கி, முள்ளுக்கு நடுவே சேற்றைத் துழாவி விதையை மூங்கில் கூடையில் சேர்க்கிறார்கள். பிறகு கழுவி, வெயிலில் உலர்த்தி, சல்லடைகளில் அளவுவாரியாகப் பிரித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு மறுபடி வறுக்கவேண்டும். நெல் சட்டியிலேயே பொரிந்துவிடும். இதற்கு அந்த யோகம் இல்லை. சூடு தணிவதற்குள் பலகையில் வைத்து மரச்சுத்தியால் தட்டினால்தான் கரிய ஓடு உடைந்து வெள்ளைப் பொரி விரியும். கொழுப்பு அறவே குறைவு, புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ பத்து என்று சத்துக் கணக்குச் சொல்பவர்கள், மீதி பெரும்பாலும் மாவுச்சத்து என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. நெய்யில் வறுத்துவிட்டால் முதல் கணக்கும் பொய்த்துப்போகும்.

இப்போது வயலிலும் மக்கானா வந்துவிட்டதே, இனி யார் மூழ்கப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. நியாயமானதுதான். தர்பங்காவில் 2002-இல் அமைந்த மத்திய அரசின் ஆராய்ச்சி மையம், ஓரடித் தண்ணீர் நிற்கும் வயலில் நாற்று நட்டு வளர்க்கும் முறையைப் பரப்பியிருக்கிறது. ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறைகிறது. ஆனால் வயலிலும் விதை சேற்றில்தான் கிடக்கிறது, முள்ளும் உதிர்ந்துவிடவில்லை. பொரிக்கும் இயந்திரங்கள் வந்த பிறகும் அடுப்படியில் குடும்பமாக உட்கார்ந்து தட்டும் வேலை நின்றுபோகவில்லை. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் 'மிதிலா மக்கானா' என்ற பெயருக்குத்தான். நம் ஊர்ப் பொட்டலங்கள் பலவற்றில் இன்னமும் தாமரைப் படம்தான்.