சோலைபாடியின் பாட்டைப் பிடிப்பது எப்படி?

நமக்குத் தெரிந்தவரை, உலகின் முதல் பறவை ஒலிப்பதிவைச் செய்தது எட்டு வயதுச் சிறுவன். பெயர் லுட்விக் கோக். ஊர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட். எடிசன் கண்டுபிடித்த ஃபோனோகிராஃப் கருவி ஒன்று அப்பா மூலம் அவன் கைக்கு வந்தது. மெழுகு உருளையில் ஊசியால் கீறி ஒலியைப் பதியும் இயந்திரம் அது. 1889-இல் தன் வீட்டுக் கூண்டுப் பறவை பாடுவதை அவன் அதில் பதிந்துவிட்டான்.

அது என்ன பறவை தெரியுமா? நம் நாட்டுக் காடுகளில் வாழும் சோலைபாடி! கம்பத்திலிருந்து கூடலூர், லோயர்கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அதை ஒட்டிய தேக்கடிக் காட்டில் சோலைபாடி இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

கோக்கின் மெழுகு உருளையைவிட உங்கள் வீட்டுக் கைபேசி பல மடங்கு துல்லியமாகப் பதியும். ஆனாலும் தோப்பில் பதிந்ததைப் போட்டுக் கேட்டால், பல நேரம் 'புர்ர்ர்' என்ற இரைச்சல்தான் வரும். பறவையின் குரலைத் தேட வேண்டியிருக்கும். காரணம், காற்று.

தேனிப் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாகப் புகுந்து வீசுவதால்தான் ஆண்டிபட்டிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்தக் காற்று பெரிய எதிரி. மைக்குக்குள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் மிகச் சிறிய ஏற்ற இறக்கம். அதற்கேற்பச் சவ்வு அதிர்கிறது. பலமான காற்று மைக்கில் மோதிச் சுழலும்போது உண்டாகும் அழுத்த மாற்றமோ, குருவியின் குரலைவிட மிகப் பெரியது. சவ்வு அதற்கேற்பவே ஆடும். குருவியின் குரல் அதில் மூழ்கிவிடும்.

டிவி நிருபர்களின் மைக்கில் புசுபுசுவென்று ஓர் உறை இருக்குமே, அது அழகுக்காக அல்ல. அதன் முடிகள் காற்றின் வேகத்தை உடைத்து, மைக்கைச் சுற்றியுள்ள காற்றை அசையாமல் வைத்திருக்கும். ஒலி மட்டும் உள்ளே புகுந்துவிடும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஓடும் மின்விசிறிக்கு முன்னால் கைபேசியை வைத்துப் பேசிப் பதியுங்கள். பிறகு, பழைய கரடி பொம்மையின் முடித்துணியை மைக் துளையின்மேல் தளர்வாகச் சுற்றி மறுபடியும் பதிந்து, இரண்டையும் கேளுங்கள்.

அதைவிட எளிய வழி, விடியற்காலையில் எழுவது. அப்போது பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். பறவைகளும் அதிகம் பாடும் நேரம். இன்னொரு வசதியும் உண்டு. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சற்றுச் சூடாக இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். அதனால் மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து தரைப்பக்கம் திரும்புகிறது. மலையடிவாரத்தில் அகவும் மயிலின் குரல் வயல்களைத் தாண்டி நம் தெருவரை வருவது இப்படித்தான். ஆனால் கோயில் ஒலிபெருக்கியும் பம்புசெட் மோட்டாரும் பேருந்து ஹாரனும் அதே வழியில்தான் வரும்! எனவே முதல் நாள் போய்க் காதால் கேட்டு, அமைதியான இடமாகத் தேர்ந்துவைப்பது நல்லது.

அடுத்தது தூரம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தூரம் பாதியானால் ஒலியின் செறிவு 4 மடங்காகும். 20 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்குப் போனால் 16 மடங்கு! மெல்ல, பக்கவாட்டில் நடந்து நெருங்குங்கள். பறவை பாட்டை நிறுத்தினால் நீங்களும் நின்றுவிடுங்கள்.

நெருங்கவே முடியாதா? அகலமான வாணலியைப் பறவையின் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒலி நடுவில் குவியும். மைக் பறவையைப் பார்க்கக்கூடாது, வாணலியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் குரல் பளிச்சென்று உயரும். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1930-களிலேயே பெரிய கிண்ணக் கருவிகளோடு காட்டுக்குப் போனார்கள். ஒரு வரம்பு மட்டும் உண்டு. விநாடிக்கு 1000 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை சுமார் 34 சென்டிமீட்டர் நீளம். குரல் தடிக்கத் தடிக்க அலையும் நீளும். அலை வாணலியைவிட நீண்டுவிட்டால் வாணலியால் அதைக் குவிக்க முடியாது. அதனால்தான் செம்போத்தின் ஆழமான 'ஊப் ஊப்' வாணலியில் சரியாகக் குவியாது. கீச்சிடும் தேன்சிட்டு நன்றாகக் குவியும். யானைகள் நம் காதுக்கே எட்டாத அளவு தாழ்ந்த குரலிலும் பேசிக்கொள்கின்றன. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சிச் சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன், அந்த அதிர்வை முதலில் உடலில்தான் உணர்ந்தார். அந்த அலைகள் 17 மீட்டருக்கும் நீளம்!

ஓடையோரம் சீகாரப் பூங்குருவி பாடும். யாரோ சீட்டியடித்துக்கொண்டு போகிறார்கள் என்றே நினைப்பீர்கள். சுருளி அருவி போன்ற இடங்களில் நீரின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போது ஒரு பாறையை நீருக்கும் மைக்குக்கும் நடுவில் வருமாறு வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

பதிவை நிறுத்துமுன் உங்கள் குரலில் இடம், தேதி, நேரம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லுங்கள். இந்த விவரம் இருந்தால்தான் பதிவு அறிவியலுக்குப் பயன்படும். சோலைக்காடுகளில் தரையோரம் வாழும் ஒரு நீலநிறச் சிறு பறவையின் பாடல்களை, வி. வி. ராபின் என்ற ஆய்வாளரின் குழுவினர் மலை மலையாகப் பதிந்து ஒப்பிட்டார்கள். ஒரே இனம்தான், ஆனால் மலைக்கு மலை பாட்டு வேறுபட்டது! எந்தப் பாட்டு எந்த மலையில் பதிந்தது என்று குறித்துவைக்காமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? 2005-இல் தொடங்கிய சீனோ-கான்டோ இணையதளத்தில் உலகெங்கும் உள்ளவர்கள் இப்படி விவரத்தோடு பறவைக் குரல்களைச் சேர்க்கிறார்கள். நீங்களும் பெரியவர் உதவியோடு சேர்க்கலாம்.

மேகமலைப் பக்கம் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். தனியாகப் போகாதீர்கள், தோப்பும் கண்மாய்க்கரையும் போதும். பதிந்த குரலை அங்கேயே பறவைக்குப் போட்டுக்காட்டவும் கூடாது. தன் இடத்துக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு அது சண்டைக்குப் பறந்து வரும்.