லிங்கன் பேராயர் குரோஸ்டெஸ்டும் மேய்ப்பரின் அதிகாரமும்

இங்கிலாந்தின் லிங்கன் பேராயராயிருந்த ராபர்ட் குரோஸ்டெஸ்டை (ஏறத்தாழ 1170–1253) சீர்திருத்தச் சபையார் பலர் தம் முன்னோடியெனப் போற்றியுள்ளனர். போப்பின் ஆணையை அவர் மறுத்ததே அதற்குக் காரணம். ஆயினும் எந்த அடிப்படையில் மறுத்தார் என்பதை நாம் நிதானமாய் ஆராய்தல் வேண்டும்.

எளிய குடும்பத்திற் பிறந்த இவர் கல்வியால் உயர்ந்து, ஆக்ஸ்போர்டில் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு இறையியல் போதித்தார். ஒருவரே பல சபைகளின் மானியங்களைப் பெறுவது அக்கால வழக்கம். இவரும் அவ்வாறே பெற்றுவந்தார். 1232ஆம் ஆண்டளவில், நோயுற்று எழுந்தபின், மனச்சாட்சியின் ஏவுதலால் ஒன்றைத் தவிர ஏனையவற்றைத் துறந்தார்.

1235இல் பேராயரானார். லிங்கன் அந்நாட்டின் மிகப் பெரிய திருமண்டலம். அதனைச் சுற்றிவந்து குருக்களைக் கூட்டிப் போதித்தார். தகுதியற்ற மடாதிபதிகளை நீக்கினார். தம் பேராலயக் குருக்குழுவையும் விசாரிக்கும் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். 1245இல் அவ்வுரிமையை உறுதிசெய்தவர் போப்பு நான்காம் இன்னொசென்ட்.

1250இல் லியோன் நகரில் அதே போப்பின் முன்னிலையில், தகுதியற்றோரை மேய்ப்பராக்குவதே சபையின் சீர்கேட்டுக்கு வேர் என்று குரோஸ்டெஸ்ட் முறையிட்டார். பயனில்லை. 1253இல் போப்பு தம் உறவினரான இத்தாலியர் ஒருவருக்கு லிங்கன் பேராலயத்தில் மானியப் பதவியளிக்கக் கட்டளையிட்டார். பேராயர் மறுத்தெழுதினார். அப்போஸ்தல அதிகாரம் சபையைக் கட்டுவதற்கே அருளப்பட்டது. ஆத்துமாக்களைப் பேணாதவனுக்கு மேய்ப்பனின் பங்கைக் கொடுப்பது சபையை இடிப்பதாகும். எனவே அவ்வாணை அப்போஸ்தல ஆணையாயிருத்தல் இயலாது என்பது அவர் வாதம். போப்பின் பதவிக்கு உண்மையாயிருக்கவே அவரது ஆணையை மறுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் மரித்தார்.

அடுத்த நூற்றாண்டில் விக்லிஃப் இவரைச் சான்றாகக் காட்டினார். ஆயினும் குரோஸ்டெஸ்ட் போப்பின் அதிகாரத்தை எதிர்த்தவரல்லர். அதனை மிக உயர்வாய் மதித்தவர். அவரை நம் பக்கத்தவராக்கிக்கொண்டால், அவர் கேட்ட கேள்வி உரோமைக்கு மட்டுமே உரியதென்று எண்ணிவிடுவோம். குருக்களை நியமிக்கும் குழுக்களில் அமரும்போதும், நாமே ஒரு நியமனத்தை நாடும்போதும், இதனால் மந்தை கட்டப்படுமா என்று நாமும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.