ஏழு மணிக் குளிசை

மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் மாசி மகத்தன்று ஐந்து தேரும் வீதிக்கு வந்துவிட்டால் யாருக்கும் மணி நினைவிருக்காது. எனக்குத் தெரிந்த உக்குவளை அக்கா ஒருவருக்கு மட்டும் இருக்கும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர். காலை ஏழு, இரவு ஏழு. கூட்டத்தில் நின்றாலும் ஓரமாய் ஒதுங்கி, குளிசையை விழுங்கிவிட்டுத்தான் மறுவேலை. வேறொருவரின் கையைப் பொருத்திக்கொண்டவர்களுக்கும் வாழ்க்கை இதே கடிகாரத்தில்தான் ஓடுகிறது.

தையலுக்குப் பிறகு

இந்தியாவின் முதல் கை மாற்று அறுவைச் சிகிச்சை 2015 ஜனவரியில் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் நடந்தது. 2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த திண்டுக்கல் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு மூளைச்சாவடைந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள். எலும்பு, இரத்தக் குழாய், நரம்பு, தசைநாண் எல்லாம் இணைத்து முடிந்ததும் உடம்பு தன் சண்டையைத் தொடங்கும். உள்ளுறுப்புகளைவிட அந்நியத் தோலைத்தான் அது கடுமையாக எதிர்க்கும். அதை அடக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசொலோன் என்ற மருந்துகள். சிறுநீரகம் மாற்றியவர்கள் விழுங்குவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

டாக்ரோலிமஸ் கூடினால் சிறுநீரகம் கெடும், விரல் நடுங்கும், சீனி வியாதியும் வரலாம். குறைந்தால் கையே போகும். அதனால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கிளினிக் நாளில் காலைக் குளிசையைப் போடாமல் போய் இரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் கணக்குப் பிழைக்கும்.

தோல் காட்டிக்கொடுக்கும்

மாற்றிய சிறுநீரகம் கெடுவது இரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். கையோ கண்முன்னே காட்டிவிடும்: சிவப்புத் திட்டு, தடிப்பு, வீக்கம். அன்றே காட்டினால் ஸ்டீராய்டு மருந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 1964இல் எக்வடோரில் பொருத்திய கையைச் சில வாரங்களிலேயே அகற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்கு டாக்ரோலிமஸும் மைக்கோஃபினோலேட்டும் இல்லை. 1998இல் பிரான்ஸின் லியோன் நகரில் கை பெற்ற கிளின்ட் ஹாலமுக்கு மருந்து இருந்தது, அவர்தான் நிறுத்திவிட்டார். 2001இல் அந்தக் கையை வெட்டி எடுத்தார்கள்.

வாசனைத் தோட்டத்துப் போத்தல்

நம்மூர் வாசனைத் திரவியத் தோட்டங்களில் 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' என்று சொல்லிப் போத்தல் போத்தலாக விற்கிறார்கள். மற்றவர்களுக்கு நல்லதோ என்னவோ, அந்தச் சக்தியைக் குறைக்கத்தான் உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் மருந்தே சாப்பிடுகிறார்கள்! பம்பளிமாசும் வேண்டாம், குடலில் டாக்ரோலிமஸ் உடைவதைத் தடுத்து இரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். நோவுக்கு இபுப்ரோஃபென் போன்றதைத் தானாக வாங்கிப் போடுவது, ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்கு இன்னோர் அடி.

வயல், காய்ச்சல், பெட்டி

வயல் சேற்றிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சல் 2008இல் பரவியபோது மாத்தளை மாவட்டம் பட்ட பாடு தெரியும். இந்த மருந்து எடுப்பவர் சேற்று வயலில் இறங்காமலிருப்பதே நல்லது. சாதாரணக் காய்ச்சலென்று பனடோல் போட்டுப் படுத்துக்கொள்ளவும் கூடாது. கிருமி உள்ளே பெருகினாலும் உடம்பு அதிகம் சுடாமலே இருக்கலாம்.

குளிசையின் கம்பெனி மாறினாலும் இரத்த அளவு மாறலாம், வைத்தியர் சொல்லாமல் மாற்றக்கூடாது. பார்மசியில் பெட்டியின் நிறம் வேறாயிருந்தால் உக்குவளை அக்கா கையில் வாங்கமாட்டார். "தம்பி, இது நான் போடுற குளிசை இல்லையே, டொக்டர்கிட்ட ஒரு கோல் எடுத்துக் கேளுங்க" என்று அங்கேயே நிற்பார்.