பந்தைப் பார்க்கும் எம்மைப் பார்ப்பவர் யார்?

பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் வாழும் எம்மவர்க்கு அங்குள்ள பழைய மாளிகையை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. நோர்மானிய மன்னன் முதலாம் குலியெல்மோவின் காலத்தில், 1165ஆம் ஆண்டளவில், அராபியக் கட்டடக் கலை மரபிலே எழுந்த மாளிகை அது. அதன் நீரூற்று மண்டபத்து வாயில் வளைவில் தீட்டப்பட்டுள்ள உருவங்களைச் 'சீசாவின் பேய்கள்' என்று ஊரார் அழைப்பர். எத்தனை தடவை எண்ணினாலும் அவற்றின் தொகை ஒன்றாய் வராதாம். மாளிகையில் மறைந்து கிடக்கும் பொற்காசுகளை அவை காவல் காக்கின்றன என்பதும் ஊர்க்கதை.

அம்மாளிகைக்கு அண்மையில் வசிக்கும் குடும்பத் தலைவர் ஒருவர் அண்மையில் எம்மை வீட்டுக்கு அழைத்து, ஒரு கைத்தொலைபேசியை மேசைமீது வைத்தார். அது அவருடைய மகனுடையது. மகனுக்கு வயது இருபத்திரண்டு. உணவகமொன்றின் சமையற்கட்டில் வேலை. உதைபந்தாட்டப் பந்தய நிறுவனமொன்றிடமிருந்து வந்த செய்திகள் அதில் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவை நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு, அதாவது பிள்ளை வேலை முடிந்து பேருந்துக்காகக் காத்து நிற்கும் நேரத்தில் வந்தவை. "பத்து யூரோ எமது அன்பளிப்பு, இன்றிரவு மட்டும்" என்றது ஒன்று. வேறோர் இடத்திலிருந்து வந்த விளம்பரமோ தமிழிலேயே இருந்தது. சென்னை அணியின் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பந்தயம் கட்ட அழைப்பு. ஆறு மாதத்திற் போனது இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். ஊரிலுள்ள பாட்டியாரின் கண் சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கியதும் அதற்குள் அடக்கம்.

தகப்பனார் காசைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவருடைய கேள்வி வேறு. "எங்கட பிள்ளை தமிழன் எண்டு இவங்களுக்கு ஆர் சொன்னது? அவன் எத்தனை மணிக்கு வேலை முடிக்கிறான் எண்டு ஆர் சொன்னது?"

இக்கேள்விக்கு எம்மால் இயன்ற அளவு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் எமது சட்டைப் பையிலேயே உள்ளதைப் பார்ப்போம். இத்தாலியில் வதியும் ஒவ்வொருவரிடமும் பதினாறு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட வரி இலக்கம், 'கோதிச்சே பிஸ்காலே', உண்டு. அது வெறும் தொடரிலக்கம் அன்று. குடும்பப் பெயரிலிருந்து மூன்றெழுத்து, பெயரிலிருந்து மூன்றெழுத்து, பின்னர் பிறந்த ஆண்டு, மாதம், நாள் (பெண்களாயின் நாளுடன் 40 கூட்டப்படும்), அதற்கப்பால் பிறந்த இடம். வெளிநாட்டிற் பிறந்தோர்க்கு அவ்விடம் 'இசட்' எழுத்துடன் தொடங்கும். இலங்கைக்குரியது இசட் 209. சட்டப்படி இணையத்திற் பந்தயக் கணக்குத் திறப்பதாயின் இவ்விலக்கத்தைக் கொடுத்தேயாகவேண்டும். எந்த நிறுவனமாவது பிறந்த நாட்டை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் யாரும் சொல்லாமலே அத்தகவல் அவர்கள் கையில் இருக்கின்றது.

தமிழ் விளம்பரத்துக்கு அதுகூடத் தேவையில்லை. தொலைபேசியின் மொழியைத் தமிழாக மாற்றியிருந்தாற் போதும். பேஸ்புக் நிறுவனம் விளம்பரதாரர்களுக்கு வழங்கிவந்த தெரிவுப் பட்டியலில் 'முன்னர் இலங்கையில் வாழ்ந்தவர்' என்றொரு பிரிவே இருந்தது. இலங்கையில் முன்பு வாழ்ந்து, இப்போது பலெர்மோவில் இருந்து, கிரிக்கெட்டில் நாட்டமுள்ள இளவயது ஆண்கள் என்று நான்கு கட்டங்களை நிரப்பினால், எம் பிள்ளைகளின் பெயர் தெரியாமலே அவர்கள் கையிலுள்ள திரைக்குப் போய்ச் சேரலாம்.

நேரக் கணக்கு எப்படி? செயற்கை நுண்ணறிவு என்றதும் பேசும் இயந்திர மனிதனை நினைக்கவேண்டியதில்லை. இங்கே அது செய்வது பெரியதொரு கணக்கு மட்டுமே. இலட்சக்கணக்கானோர் எப்போது செய்தியைத் திறந்தனர், எத்தனை யூரோ இட்டனர், தோற்றபின் எத்தனை நிமிடத்தில் மீண்டும் இட்டனர், எத்தனை நாள் வராதிருந்தனர் என்பவற்றைக் கணனி சேர்த்து வைத்து, "இவரைப் போன்றவர் அடுத்து என்ன செய்வார்" என்று ஊகிக்கின்றது. ஒரே செய்தியை இரண்டு விதமாய் எழுதி இரு கூட்டத்தாருக்கு அனுப்பி, அதிகமானோர் திறந்ததை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். பிள்ளை இரண்டு தடவை நள்ளிரவில் செய்தியைத் திறந்திருப்பார். மூன்றாந் தடவை இயந்திரம் அந்நேரத்துக்கே அனுப்பும். சம்பளம் வந்த மறுநாள் இரு மாதம் பணம் இட்டிருந்தால், மூன்றாம் மாதம் அந்நாளில் அன்பளிப்பு வரும். வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்கவேண்டிய தேவையில்லை. சில நாட்கள் ஒதுங்கியிருந்தவருக்குத்தான் பெரிய அன்பளிப்பு வரும் என்பதையும் கவனிக்கவேண்டும். 'வாடிக்கையாளர் விலகப்போகின்றார்' என்று கணக்குச் சொல்லும் தருணம், உண்மையில் அவர் திருந்த முயலும் தருணமாகவும் இருக்கலாம். இயந்திரத்துக்கு இவ்விரண்டும் ஒன்றே.

இரசிகர்களின் விபரம் இவ்வாறு திரட்டப்படுவதற்கு இச்சிசிலித் தீவிலேயே ஒரு முன்கதை உண்டு. 2007 பெப்ரவரி 2ஆம் நாள் கத்தானியாவில் நடந்த கத்தானியா - பலெர்மோ ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் பிலிப்போ ராச்சிற்றி என்ற பொலிஸ் பரிசோதகர் உயிரிழந்தார். நுழைவுச்சீட்டில் பார்வையாளரின் பெயரைப் பொறிக்கும் விதி அதற்கு முன்னரே, 2005இல் வந்துவிட்டது. அச்சம்பவத்தின் பின்னர் கட்டுப்பாடுகள் இறுகின. உள்துறை அமைச்சர் மரோனி 2009இல் அறிவித்த 'இரசிகர் அட்டை' 2010-11 பருவத்திலிருந்து வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்வோர்க்கும் பருவச் சீட்டு வாங்குவோர்க்கும் கட்டாயமாயிற்று. பாதுகாப்புக்கென வந்த அவ்வட்டையைச் சில கழகங்கள் வங்கிகளின் முற்பண அட்டையுடன் பிணைத்தே கொடுத்தன. ஆட்டம் பார்க்க வந்தவன் வங்கியின் வாடிக்கையாளனாக வெளியே போனான். அவ்வாறு பிரிக்கவொண்ணாதபடி இணைப்பது முறையற்ற வணிக நடவடிக்கையாகலாம் என்று இத்தாலிய அரசவை மன்றம் 2011 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. 2017 ஓகஸ்டில் அவ்வட்டையைப் படிப்படியாகக் கைவிடும் உடன்பாடு எட்டப்பட்டது. அதற்குப் பதிலாய்க் கழகங்களின் விசுவாச அட்டைகள் வந்தன. பொலிசாருக்கென்று தொடங்கிய பதிவேடு கடைக்காரருக்குப் பயன்படும் பதிவேடாய் முடிந்த கதை இதுவெனலாம்.

இன்று பலெர்மோக் கழகமே உலகக் குழுமமொன்றின் உறுப்பு. மன்செஸ்டர் சிற்றியின் உரிமையாளரான சிற்றி உதைபந்தாட்டக் குழுமம் 2022 ஜூலையில் பலெர்மோவின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அதே மாதத்தில் மன்செஸ்டர் சிற்றி, சிஸ்கோ நிறுவனத்துடன் சேர்ந்து கழுத்துச் சால்வை ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதனுள் பொருத்திய உணர்கருவி, ஆட்டத்தைப் பார்க்கும் இரசிகரின் இதயத் துடிப்பு, உடல் வெப்பம், அசைவு ஆகியவற்றை அளந்தது. சில இரசிகர்களிடம் பரீட்சித்துப் பார்த்த முயற்சிதான் அது. பலெர்மோவில் எவர் கழுத்திலும் அது ஏறியதாய் நாம் அறியோம். எனினும் எதை அளக்க விரும்புகின்றனர் என்பதை அறிய அச்சால்வை போதும். கோல் விழும் கணத்தில் மனிதன் எவ்வளவு துடிக்கின்றான் என்று தெரிந்தால், அவனிடம் எப்போது எதை விற்கலாம் என்பதும் தெரியும்.

ஸ்பெயினில் இதைவிட விசித்திரம் நடந்தது. லா லிகா அமைப்பின் தொலைபேசிச் செயலி, இரசிகர்களின் ஒலிவாங்கியையும் இருப்பிடத்தையும் பயன்படுத்தி, எந்த மதுச்சாலையில் அனுமதியின்றி ஆட்டம் காட்டப்படுகின்றது என்று துப்பறிந்ததாய் 2018இல் வெளியாயிற்று. இரசிகனே, தான் அறியாமல், உளவாளியானான். அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு முகவரகம் 2019இல் 250,000 யூரோ தண்டம் விதித்தது. லா லிகா அதனை எதிர்த்தது.

இத்தாலியிற் சூதாட்ட விளம்பரத்துக்குத் தடை இல்லையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உண்டு. 2018 ஜூலையில் வந்த 'கண்ணியக் கட்டளை'யின் 9ஆம் பிரிவு அதனை முற்றாகத் தடைசெய்தது. அதை மீறிய விளம்பரங்களுக்காக, 'அக்கோம்' எனப்படும் தொடர்பாடல் அதிகார சபை 2023 டிசெம்பரில் மெற்றா நிறுவனத்துக்கு 58 இலட்சத்து 50 ஆயிரம் யூரோ தண்டம் விதித்தது. ஆனால் வேலிக்கு அருகிலேயே பொட்டும் இருக்கின்றது. பந்தய நிறுவனத்தின் பெயரை ஒத்த 'விளையாட்டுச் செய்தித் தளம்' ஒன்றின் பெயரைச் சட்டையில் அணிந்து அணிகள் ஆடுகின்றன. 2024இல் இன்ரர் மிலான் அணியின் மார்பில் வந்த பெயர் அத்தகையது. இந்தியாவிலும் இதே தந்திரந்தான். செய்தித் தளம் என்ற போர்வையில் வரும் பந்தய விளம்பரங்கள் பற்றி இந்திய அரசு 2022 ஒக்டோபரில் ஊடகங்களை எச்சரித்தது. 2025 ஓகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளையே சட்டத்தால் தடைசெய்தபோது, இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து டிரீம் 11 நிறுவனத்தின் பெயர் நீங்கியது.

பிரித்தானியாவில் ஸ்கை பெற் என்ற பந்தயத் தளத்தை அங்குள்ள தகவல் ஆணையகம் 2024 செப்டெம்பரில் கண்டித்தது. வருகை தந்தவர் 'சம்மதம்', 'மறுப்பு' என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவதற்கு முன்னரே அவருடைய விபரம் விளம்பர நிறுவனங்களுக்குப் போய்விட்டது என்பதே குற்றம்.

சம்மதம் என்ற இச்சொல்லிலேதான் எம்மவரின் நிலை ஏனையோரின் நிலையினின்று வேறுபடுகின்றது. அகதி வாழ்வு எமக்குக் கற்றுத் தந்த முதற் பாடம், நீட்டிய தாளில் கையொப்பமிடுவது. கைரேகை கேட்டார்கள், கொடுத்தோம். பிறந்த இடம், வந்த வழி, உறவினரின் பெயர் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொன்னோம். மறுத்தால் கோப்பு மூடப்படும் என்ற பயம். அப்பழக்கத்தில், கழகத்தின் செயலி கேட்டாலும், பந்தயத் தளம் கேட்டாலும், இலவச இணைய இணைப்புக் கேட்டாலும் 'ஏற்கின்றேன்' என்பதை அழுத்திவிடுகின்றோம். வதிவிட அனுமதிக்குக் கொடுக்கும் கையொப்பமும் விளம்பரத்துக்குக் கொடுக்கும் கையொப்பமும் ஒன்றல்ல என்பதை எவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, எந்நாட்டவர் என்ற பேதமின்றி எம்மையும் காக்கின்றது. அதன் 15ஆம் பிரிவின்படி, எம்மைப் பற்றி என்னென்ன வைத்திருக்கின்றீர்கள், எங்கிருந்து பெற்றீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கலாம்; பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். 21ஆம் பிரிவின்படி, நேரடி விளம்பரத்துக்கு எம் தரவைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேளாமல் நிறுத்தவேண்டும். பதில் வராவிடின் உரோமாபுரியிலுள்ள தரவுப் பாதுகாப்பு அதிகார சபையிடம் முறையிடலாம். ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும், ஒருவரின் வயது, சமூக அல்லது பொருளாதார நிலை காரணமான பலவீனத்தைச் சுரண்டிப் பெருந்தீங்கு விளைக்கும் முறைகளை 2025 பெப்ரவரி 2 முதல் தடைசெய்துள்ளது. அச்சட்டம் சீசா வரை எவ்வளவு வேகத்தில் வந்து சேரும் என்பது பொறுத்திருந்து பார்க்கவேண்டியது. தமிழில் வரும் அனுமதியற்ற தளங்களின் விடயத்திலோ இவ்வுரிமைகளால் அதிகம் பயனில்லை. கடிதம் அனுப்ப அவற்றுக்கு முகவரி கிடைப்பதே அரிது.

பந்தயத்தை விடமுடியாமல் தவிப்போர்க்கு வேறொரு வழியுண்டு. அனுமதி பெற்ற எல்லா இணையப் பந்தயத் தளங்களிலிருந்தும் ஒரே விண்ணப்பத்தால் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளலாம். தேசிய சுகாதார நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி இலக்கம் 800 558822. பெயர் சொல்லவேண்டியதில்லை.

அன்றிரவு தகப்பனாருடன் இருந்து கடிதத்தை எழுதினோம். எழுதி முடிந்ததும் அவர் தயங்கினார். "இதால சொஜோர்னோ புதுப்பிக்கேக்க பிரச்சினை வராதோ?" வராது என்று விளக்கினோம். இரண்டு தடவை விளக்கவேண்டியிருந்தது. மகன் வயது வந்தவராதலால் அவரே கையொப்பமிடவேண்டும். ஒரு மணியளவில் வேலையால் வந்தவர் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். எம்மையோ தகப்பனாரையோ நிமிர்ந்து பார்க்கவில்லை. "பாட்டியின் காசு" என்று தகப்பனார் சேர்க்கச் சொல்லியிருந்த வரியைப் பேனாவால் வெட்டிவிட்டு, கீழே கையொப்பமிட்டார்.

பதிவுத் தபாலில் கடிதம் போய் இன்று பதினோராவது நாள். பதில் இன்னும் வரவில்லை.