வேளச்சேரியா... குரோம்பேட்டையா?

பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி, சொஜ்ஜியாவது தருவார்கள். வீடு பார்க்கப் போனால் புரோக்கரின் டீக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இப்படித்தான் கரைந்தன.

முதலில் எங்கள் வீட்டு அரசியல் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆபீஸ் பாரிமுனை. மனைவிக்குக் கிண்டி. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படியைப் பார்த்தாலே 'முருகா!' என்பார். மனைவி வேளச்சேரிக் கட்சி. அப்பா குரோம்பேட்டைக் கட்சி. அட்வான்ஸ் கொடுக்கப்போவது அப்பாவின் ரிடையர்மென்ட் பணம் என்பதால் அவருக்கு 'வீட்டோ' உண்டு. நான் கூட்டணி ஆட்சியின் முதலமைச்சர். பதவி உண்டு, பவர் கிடையாது!

பட்ஜெட் 60 லட்சம். ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த ஃப்ளாட்தான் கட்டுப்படியாகும். கட்டிக்கொண்டிருக்கிற ஃப்ளாட் என்றால் பொதுவாக 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு அழ வேண்டும். கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சத்துக்குள் இருந்தால், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் பேங்க் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, 48 லட்சம் பேங்க், 12 லட்சம் நாம். அத்தோடு விட்டதா? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2... மொத்தம் 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். இதை பேங்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளாது. கையிலிருந்து 17 லட்சத்து 40 ஆயிரம் எடுத்து வைக்க வேண்டும்.

அப்புறம் மாதத் தவணை. 20 வருஷம், வட்டி எட்டரை சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 41,650 ரூபாய். கூட்டிப் பார்த்தால் 48 லட்சம் வாங்கிவிட்டுக் கிட்டத்தட்ட ஒரு கோடி கட்டுகிறோம். இப்படிப்பட்டவனிடம் புரோக்கர் வந்து, 'நல்ல ஏரியா சார்' என்று ஒரு வரியில் முடித்தால் விட்டுவிட முடியுமா?

ரயில் சண்டை

மனைவி முதல் அம்பை விட்டாள். "வேளச்சேரி சென்னை மாநகராட்சிக்குள்ளேயே இருக்கு. பறக்கும் ரயில் இருக்கு. மால் இருக்கு. மாமாவுக்கு சோழர் காலத்து தண்டீஸ்வரர் கோயில் இருக்கு. எனக்கு கிண்டி பக்கத்துலே. வேற என்ன வேணும்?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்ததே 2007லதான். பீச்-தாம்பரம் லைன்ல 1931லேயே கரன்ட் ரயில் ஓடிச்சும்மா!"

பாரிமுனைக்காரனான எனக்கு இரண்டு ரயிலுமே பீச் ஸ்டேஷனில்தான் கொண்டுபோய் விடும். வித்தியாசம் எண்ணிக்கையில். தாம்பரம் லைனில் காலையில் ஒன்றை விட்டால் பின்னாலேயே அடுத்தது வரும். பறக்கும் ரயிலுக்கு அந்தப் பழக்கம் குறைவு. இன்னொன்று, 2023 ஆகஸ்டில் நான்காவது பாதை வேலைக்காக அந்த ரயிலை சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். மறுபடி பீச் வரை ஓட 2024 அக்டோபர் ஆனது. பதினான்கு மாதம்! பாரிமுனை ஆசாமிகள் பாதி வழியில் இறங்கி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

மனைவிக்குத்தான் நஷ்டம். குரோம்பேட்டையிலிருந்து கிண்டி ஆறாவது ஸ்டேஷன். வேளச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் கிண்டி வந்துவிடும். இதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் ராத்திரிச் சாப்பாடு இல்லை.

மழை கேட்ட கேள்வி

ஆனால், எங்களுக்கு உண்மையில் தீர்ப்புச் சொன்னது மழை. வேளச்சேரி தாழ்வான இடம். சுற்று வட்டாரத்துத் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கித்தான் போயாக வேண்டும். அந்தச் சதுப்பு நிலமோ சுருங்கிக்கொண்டே வந்தது. 2022ல் அதற்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அதற்காகத் தண்ணீர் தன் பழைய முகவரியை மறந்துவிடுமா? 2015 டிசம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை என்றதுமே ஜனங்கள் காரையெல்லாம் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அனுபவம்!

ஒரு தெருவில் இஸ்திரிக்காரரிடம், "இங்கே எப்படிண்ணே?" என்று கேட்டேன். "டிசம்பர்ல வாங்க சார். வீட்டு வாடகை எவ்வளவு, போட் வாடகை எவ்வளவுன்னு சேர்த்தே சொல்றேன்" என்றார்.

அப்பா ஜெயித்த மாதிரி சிரித்தார். சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. குரோம்பேட்டைக்குப் பக்கத்திலேயே சிட்லபாக்கம் ஏரி. 2015ல் அந்தப் பக்கமும் வெள்ளம்தான். அதே வேளச்சேரியில் மழையில் சுவரே நனையாத மேட்டுத் தெருக்களும் இருக்கின்றன. ஆக, நாம் வாங்குவது ஏரியாவை இல்லை, ஒரு தெருவை.

அதனால் பிரதர்ஸ், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தெருவைப் பாருங்கள். மீட்டர் பெட்டி தலை உயரத்தில் மாட்டியிருந்தால், அந்தத் தெரு ஏற்கெனவே ஒருமுறை குளித்திருக்கலாம். வாசற்படி ரோட்டைவிடத் தாழ்ந்திருந்தால், ரோடு போடப் போட வீடு பள்ளமாகிவிட்டது என்று அர்த்தம். நல்ல மழை நாளில் ஒரு நடை, காலை எட்டரைக்கு ஒரு நடை, ராத்திரி பத்து மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாத் தெருவும் அழகாகத்தான் இருக்கும்.

பேப்பர் விஷயமும் உண்டு. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, நம் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத மனைப் பங்கு... மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கட்டடம் வயசாகி இடிந்தாலும் மிஞ்சுவது அந்த மனைப் பங்குதான்.

கடைசிச் சுற்று

எங்கள் கையில் மிஞ்சியது இரண்டு. வேளச்சேரியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. குரோம்பேட்டையில் தரைத்தளம், கொஞ்சம் பழசு, மேட்டுத் தெரு. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம்.

வேளச்சேரி ஃப்ளாட்டின் வாட்ச்மேனிடம் அம்மாதான் கேட்டார். "2023 வெள்ளத்துல கரன்ட் எத்தனை நாள் இல்லப்பா?"

"நாலு நாள்மா."

"அப்போ லிஃப்ட்?"

வாட்ச்மேன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நானும் மனைவியும் ஆபீஸில் இருக்கும்போது அந்த மூன்றாவது மாடியில் இருக்கப்போவது அவரும் அப்பாவும்தானே!

அன்று ராத்திரி மனைவியே சொன்னாள். "எனக்கு தினம் அரை மணி ஜாஸ்தி, அவ்வளவுதானே? ரயில்ல உட்கார இடம் கிடைச்சா தூங்கிக்கிறேன். அத்தைக்குப் படி வேண்டாம்."

குரோம்பேட்டைக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அப்பா செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மையில் ஊதி, ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷ உத்தியோகம் ஒரு காகிதத்தில் இருந்தது.

பூஜையறைக்குக் கதவு வைக்க வேண்டும் என்று இப்போது அம்மாவும் மனைவியும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி நானும் அப்பாவும். டெபாசிட் கிடைக்காது போலிருக்கிறது!